மணலி பக்கம் 12 மணி நேர ஷிஃப்ட்: மனநலச் சீட்டு கொடுத்த தொழிலாளியிடம் ராஜினாமா கேட்கிறார்கள், சட்டத்தில் எதைப் பிடிப்பது?

மாத்தூர் ஷிஃப்ட் (கேள்வி)

வணக்கம். மணலியை ஒட்டிய ஓர் உதிரிபாகத் தொழிற்சாலை பற்றிக் கேட்கிறேன். பெயர் வேண்டாம். நிரந்தரத் தொழிலாளர்கள் சுமார் 70 பேர், கான்ட்ராக்டில் 90 பேர். காலை 7 முதல் இரவு 7, இரவு 7 முதல் காலை 7 என்று இரண்டே ஷிஃப்ட். நடுவில் அரை மணி நேரம் சாப்பாட்டு இடைவேளை. வார விடுமுறை அடிக்கடி ரத்தாகிறது, அதற்கு மாற்று விடுப்பும் தருவதில்லை. ஓடி (ஓவர்டைம் கூலி) ஒற்றைக் கணக்கில்தான் வருகிறது. லைன் வாரியாக வாட்ஸாப் குழு இருக்கிறது. டார்கெட் தவறினால் அந்த ஆளின் போட்டோவைப் போட்டு சூப்பர்வைசர் திட்டுகிறார், ராத்திரி 11 மணிக்குக் கூட.

பிரஸ் லைனில் உள்ள தம்பி ஒருவருக்குத் தூக்கம் போய்விட்டது. நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம். ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவில் காட்டினார். மாத்திரையும் இரண்டு வாரம் ஓய்வும் எழுதிக் கொடுத்தார்கள். சீட்டைப் பார்த்த எச்.ஆர்., "இந்த மாத்திரை சாப்பிடுகிறவரை மெஷினில் நிறுத்த முடியாது, நீயே எழுதிக் கொடுத்துவிட்டுப் போ, செட்டில்மென்ட் பார்த்துச் செய்கிறோம்" என்கிறார். தம்பி நிரந்தரம், இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) உண்டு, இன்னும் எதிலும் கையெழுத்துப் போடவில்லை.

வேலையால் வரும் மன அழுத்தத்துக்கு என்று தனிச் சட்டம் ஏதாவது உண்டா? இல்லையென்றால் எங்கே, எப்படிப் புகார் கொடுப்பது? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

தண்டையார்பேட்டை சங்க மேசை

தோழர், முதல் வேலை: தம்பி எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடக்கூடாது. வெற்றுத் தாள், "செட்டில்மென்ட் வவுச்சர்", "சொந்தக் காரணத்தால் விலகுகிறேன்", எதுவாக இருந்தாலும் சரி. இன்றே நிர்வாகத்துக்கு ஒரு மின்னஞ்சலும், ஒப்புதல் அட்டையுடன் ஒரு ஸ்பீட் போஸ்டும் அனுப்பச் சொல்லுங்கள். நான்கு வரி போதும்: "மருத்துவர் பரிந்துரைப்படி இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை மருத்துவ விடுப்பில் இருக்கிறேன். நான் ராஜினாமா செய்யவில்லை, செய்யும் எண்ணமும் இல்லை. இன்ன தேதியில் இன்னார் என்னிடம் ராஜினாமா கேட்டார். விடுப்பு முடிந்ததும் பணிக்கு வருவேன்." இந்தக் கடிதம் இருந்தால் பிறகு "அவராகவே போய்விட்டார்", "சொல்லாமல் நின்றுவிட்டார்" என்ற இரண்டு கதையும் எடுபடாது. ஒருவேளை ஏற்கெனவே மிரட்டி எழுதி வாங்கியிருந்தால், அது நடைமுறைக்கு வருவதற்குள் திரும்பப் பெறுவதாக எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். ஒரு நாள் தள்ளினாலும் வழக்கு பலவீனமாகும்.

அடுத்து உங்கள் முக்கியக் கேள்வி. மன அழுத்தத்துக்கு என்று தனித் தொழிலாளர் சட்டம் இந்தியாவில் இல்லை. ஜப்பானில் 50 பேரும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்கள் ஆண்டுக்கு ஒருமுறை மன அழுத்தச் சோதனை நடத்த வேண்டும் என்பது 2015 டிசம்பர் முதல் கட்டாயம். நம் சட்டத்தில் அப்படி ஒரு வரி கூடக் கிடையாது. தொழில்சார் நோய்கள் என்று அரசுக்கு அறிவிக்க வேண்டிய 29 நோய்கள் பட்டியலில் ஈய விஷம் இருக்கிறது, சிலிகோசிஸ் இருக்கிறது, இரைச்சலால் வரும் காது மந்தம் இருக்கிறது. மன நோய் ஒன்று கூட இல்லை. அதனால் "எங்களுக்கு மன அழுத்தம் தருகிறார்கள்" என்ற ஒற்றை வரியோடு புகார் போனால் ஆய்வாளருக்குச் சரிபார்க்க எதுவும் இருக்காது, ஃபைல் மூடிவிடும். அழுத்தம் எதிலிருந்து வருகிறதோ அதை எழுதுங்கள். நேரம், வார விடுமுறை, ஓடி, விடுப்பு எல்லாமே அளக்கக்கூடியவை. சட்டத்தில் எண்ணோடு இருப்பவை.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்துவிட்டன. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் இடத்தில் இப்போது இருப்பது தொழில் பாதுகாப்பு, உடல்நலம் மற்றும் பணிச்சூழல் சட்டத் தொகுப்பு, 2020. பழைய விதிகள் முரண்படாத அளவுக்குத் தொடரும். உங்கள் ஆலைக்கு இதில் பொருந்துகிற பிரிவுகளைச் சொல்கிறேன்.

6ஆம் பிரிவு: உடல்நலத்துக்கு ஆபத்தில்லாத பணிச்சூழலைத் தருவது முதலாளியின் கடமை. "உடல்நலம்" என்ற இந்தச் சொல்லுக்குள்தான் மனநலத்தையும் வைத்து வாதிட வேண்டியிருக்கிறது. 25ஆம் பிரிவு: நாளுக்கு 8 மணி நேரம். 26: வாரத்தில் 6 நாளுக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, விடுமுறை பறிபோனால் அந்த மாதத்திலோ அடுத்த இரண்டு மாதத்திலோ மாற்று விடுமுறை. 27: ஓடிக்கு இரட்டை ஊதியம், அதோடு தொழிலாளியின் சம்மதம். இந்தச் சம்மதம் மிக முக்கியம். ஷிஃப்ட் பட்டியலையே 12 மணி நேரமாகப் போட்டுவிட்டு "எல்லோரும் விரும்பித்தான் செய்கிறார்கள்" என்று சொன்னால், யார், எப்போது, எதில் சம்மதம் தந்தார்கள் என்று கேளுங்கள்.

"தமிழ்நாட்டில் 12 மணி நேரம் சட்டப்படி சரி" என்று சில மேலாளர்கள் இன்னமும் சொல்கிறார்கள். 12 மணி நேர வேலைக்கு வழி விட, பழைய தொழிற்சாலைகள் சட்டத்தில் 65-ஏ பிரிவைச் சேர்த்து 2023 ஏப்ரல் 21 அன்று சட்டமன்றத்தில் நிறைவேறிய திருத்தத்தை வைத்துச் சொல்வது அது. எதிர்ப்பு கிளம்பியதும் அந்த மே தினத்தன்றே அதைத் திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்துவிட்டார்.

இனி கணக்கு. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து மாதம் 15,600 ரூபாய் என்று வையுங்கள். 26 நாளால் வகுத்தால் நாளுக்கு 600, எட்டால் வகுத்தால் மணிக்கு 75, இரட்டையில் 150. பன்னிரண்டு மணி நேர ஷிஃப்டில் சாப்பாட்டு அரை மணியைக் கழித்தால் வேலை 11.5 மணி, ஓடி 3.5 மணி. ஆக நாளுக்கு 525 ரூபாய் வர வேண்டும். ஒற்றைக் கணக்கில் தருவது 262.50. மீதி 262.50 தினமும் நிற்கிறது. 26 நாளுக்கு 6,825 ரூபாய், ஓர் ஆளுக்கு. நேரத்தையும் பாருங்கள்: மாதம் 91 மணி ஓடி. 1948 சட்டத்தின் 64ஆம் பிரிவு மூன்று மாதத்துக்கே 50 மணிதான் அனுமதித்தது, 65ஆம் பிரிவின் சிறப்பு விலக்கில் 75. உங்கள் ஆலையில் மூன்று மாதக் கணக்கை ஒரே மாதத்தில் தாண்டுகிறார்கள். தம்பியின் தூக்கம் எங்கே போனது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம். புகாரில் இந்த எண்ணையே முதல் பத்தியில் வையுங்கள்.

ஓடி பாக்கிக்கு ஊதியச் சட்டத் தொகுப்பின் 45ஆம் பிரிவில் மனு போடலாம். கால வரம்பு 3 ஆண்டு. பாக்கியோடு அதைப்போல் பத்து மடங்கு வரை இழப்பீடு விதிக்க அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. கூலி கொடுத்ததை நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. ஒருவர் தனியாகப் போட வேண்டாம், சங்கம் மூலமோ குழுவாகவோ போடலாம்.

---

அயனாவரம் சீட்டு

சங்க மேசை தோழர் சொன்னதோடு இ.எஸ்.ஐ. பக்கத்தைச் சேர்க்கிறேன். பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

ஸ்டான்லி சீட்டு சிகிச்சைக்குப் போதும், பணத்துக்குப் போதாது. நோய்க்கால உதவித்தொகை வேண்டுமென்றால் இ.எஸ்.ஐ. மருந்தகத்திலோ அயனாவரம் இ.எஸ்.ஐ. மருத்துவமனையிலோ காட்டி, அவர்களுடைய சான்றிதழ் வாங்க வேண்டும். ஸ்டான்லி சீட்டையும் மாத்திரை அட்டையையும் கையோடு கொண்டு போங்கள். நாளைக்கே போகட்டும். முந்தைய தேதி போட்டுச் சான்றிதழ் வாங்குவது லேசில் நடக்காது, போகாமல் விட்ட நாளுக்குப் பணம் போய்விடும்.

தொகை, நாள் ஒன்றுக்கு சராசரிக் கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை. முதல் இரண்டு நாளுக்குக் கிடையாது. ஆனால் முந்தைய நோய்க்காலம் முடிந்து 15 நாளுக்குள் மறுபடி விழுந்தால் அந்தக் கழிவு இல்லை. தகுதிக்கு, அதற்குரிய ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளுக்குப் பங்களிப்பு போயிருக்க வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டியது அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரைக்கும், அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியது ஜூலை முதல் டிசம்பர் வரைக்கும் கணக்கு.

இதில் ஓடி வந்து இடிக்கிறது. இ.எஸ்.ஐ.யின் 21,000 ரூபாய் உச்சவரம்பைப் பார்க்கும்போது ஓடி சேராது. ஆனால் பழைய இ.எஸ்.ஐ. சட்டத்தில் பங்களிப்பு பிடிக்கும்போது ஓடியும் கூலியாகவே இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொகுப்பில் கூலியின் வரையறை மாறியிருக்கிறது, அதற்குப் பிந்தைய மாதங்களுக்கு இ.எஸ்.ஐ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். தொழிலாளி 0.75 சதவீதம், முதலாளி 3.25 சதவீதம். அப்போது ஓடியைக் கவரில் ரொக்கமாகக் கொடுத்திருந்தால் முதலாளிக்கு 3.25 சதவீதம் மிச்சம், உங்களுக்கோ நோய்க்காலத் தொகை குறைந்தது. தம்பியின் காப்பீட்டு எண்ணை வைத்து இணையதளத்தில் மாதவாரிப் பங்களிப்பைப் பாருங்கள். அந்தப் பழைய மாதங்களில் கையில் வந்த மொத்தத்தோடு ஒத்துப் போகாவிட்டால் அதுவே இன்னொரு புகார்.

91 நாள் போதாமல் போனால் நீட்டித்த நோய்க்கால உதவி உண்டு. அது 34 நீண்டகால நோய்களுக்கு மட்டும், 80 சதவீதம். அந்தப் பட்டியலில் மனநலம் சார்ந்தவை ஸ்கிஸோஃப்ரீனியா, உள்ளிருந்து எழும் தீவிர மனச்சோர்வு, இருதுருவ நோய், மறதி நோய் ஆகியவைதான். இரண்டு ஆண்டுத் தொடர் வேலையும், நான்கு பங்களிப்புக் காலத்தில் 156 நாள் பங்களிப்பும் வேண்டும். பதற்ற நோய், சூழலுக்கு ஒத்துப்போக முடியாமை என்று சீட்டில் எழுதியிருந்தால் 91 நாளோடு நின்றுவிடும். தம்பிக்கு எது என்று முடிவு செய்ய வேண்டியது மருத்துவர்தான். பணம் கூடுதலாக வரும் என்று நோயின் பெயரை மாற்றி எழுதச் சொல்லிக் கேட்கவே கேட்காதீர்கள். பிறகு மருத்துவ வாரியத்தில் மொத்தமும் கவிழும்.

இன்னொன்று, தம்பி மருத்துவரிடம் "பிரஸ் மெஷினில் நிற்கிறேன், இரவு ஷிஃப்டும் வரும்" என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். படபடப்புக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் தூக்கத்தை இழுக்கும். வேலை தெரிந்தால் மருத்துவர் மாத்திரையையும் நேரத்தையும் அதற்கேற்ப மாற்றுவார். எச்.ஆர். சொன்னதில் பாதுகாப்புக் கவலை மட்டும் உண்மையானது. அதற்கான வழி வேறு இடத்தில் வேலை தருவது. ராஜினாமா கேட்பதற்கு அது காரணமே ஆகாது. நிர்வாகத்துக்குப் பயந்து மாத்திரையைத் தானாக நிறுத்துவது எல்லாவற்றிலும் ஆபத்தானது. சட்டென நிறுத்தினால் படபடப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பும்.

இரவில் தாங்க முடியாமல் போனால் 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்கு நேராகவும் போகலாம். "உயிரை விட நினைத்தேன் என்று சொன்னால் போலீஸ் கேஸ் ஆகிவிடும்" என்ற பயம் நம் பக்கம் இன்னும் இருக்கிறது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும் என்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் இல்லை. மருத்துவரிடம் மறைக்க வேண்டாம்.

---

ராயபுரம் கருப்பு அங்கி

மேலே இருவரும் தொடாத இடம்: நோயின் பெயரை நிர்வாகத்திடம் சொல்லலாமா?

பொதுவான அறிவுரை "சொல்லாதே". 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவுப்படி மருத்துவரும் மருத்துவமனையும் ரகசியம் காக்க வேண்டும், எச்.ஆர். போன் செய்து கேட்டாலும் சொல்லக்கூடாது. இ.எஸ்.ஐ. சான்றிதழும் கிளை அலுவலகத்துக்குத்தான் போகிறது. ஆனால் முழுக்க மறைத்தால் ஒரு நட்டம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 மன நோயையும் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அதன் 3ஆம் பிரிவில் பாகுபாட்டுக்குத் தடையும், நியாயமான வசதி செய்து தரும் கடமையும் இருக்கின்றன. தனியார் நிறுவனமும் அதில் அடக்கம். நிர்வாகத்துக்கே தெரியாத ஒன்றுக்கு வசதி செய்து தரவில்லை என்று பிறகு வாதாட முடியாது.

நடைமுறையில் நல்ல வழி, நோயின் பெயர் இல்லாமல் வேலைத் தடையை மட்டும் மருத்துவரிடம் எழுதி வாங்குவது. "இவர் பணிக்குத் தகுதியானவர். ஆறு வாரத்துக்குப் பகல் ஷிஃப்ட் மட்டும், நாளுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், பிரஸ் மெஷினில் தனியாக நிறுத்த வேண்டாம், மறுபரிசோதனை இந்தத் தேதி" என்று இருந்தால் போதும். மூன்று விஷயம் இதில் கட்டாயம்: தகுதியானவர் என்ற சொல், தடை என்ன என்பது, அது எப்போது முடியும் என்பது. முடிவுத் தேதி இல்லாத சான்றிதழை நிர்வாகம் "இவரால் இனி வேலையே செய்ய முடியாது" என்று திருப்பிவிடும். "லேசான வேலை" என்று பொத்தாம்பொதுவாக எழுதினாலும் "எங்களிடம் லேசான வேலை கிடையாது" என்று ஒரே வரியில் பதில் வந்துவிடும். தம்பி விஷயத்தில் சீட்டு ஏற்கெனவே எச்.ஆர். கண்ணில் பட்டுவிட்டது. அதனால் இனி இந்தச் சான்றிதழோடு "3ஆம் பிரிவின் கீழ் வசதி கோருகிறேன்" என்று எழுதியே கேட்கட்டும்.

எல்லா மன அழுத்தமும் இந்தச் சட்டத்தில் வராது. சிந்தனை, மனநிலை, நினைவாற்றல் போன்றவற்றில் கணிசமான கோளாறு என்று சட்டம் வரையறை வைத்திருக்கிறது, நீண்டகாலப் பாதிப்பும் வேண்டும். இரண்டு வார ஓய்வில் சரியாகும் பதற்றத்தை வைத்து இந்தக் கதவைத் தட்டினால் திறக்காது. அப்போது சங்க மேசை சொன்ன நேரக் கணக்குதான் கை கொடுக்கும்.

இதே மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 20ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவைப் பலர் தவறாக மேற்கோள் காட்டுகிறார்கள். பணிக்காலத்தில் மாற்றுத்திறனாளி ஆனவரை நீக்கக்கூடாது, அதே சம்பளத்தில் வேறு பணி தர வேண்டும் என்பது அது. அரசு நிறுவனங்களுக்கு மட்டும் பொருந்தும். துறைமுகம், மணலியில் உள்ள பொதுத்துறை ஆலை, மின்வாரியம் என்றால் அதைப் பிடிக்கலாம். நீங்கள் சொல்லும் தனியார் ஆலைக்கு அது பொருந்தாது. ஆனால் 2021 டிசம்பர் 17 அன்று ஒரு மத்திய ஆயுதப்படை அலுவலர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது வாதத்துக்குப் பலம்: ஒழுங்கு நடவடிக்கைக்கு இட்டுச் சென்ற நடத்தைக்கு மன நோய் காரணங்களில் ஒன்றாக இருந்தாலே அது பாகுபாடு ஆகலாம், ஒரே காரணமாக இருக்க வேண்டியதில்லை.

வாட்ஸாப் திட்டுக்கு வருவோம். குழுவிலிருந்து கோபத்தில் வெளியேறாதீர்கள், எதையும் அழிக்காதீர்கள். உரையாடலைப் படங்களோடு ஏற்றுமதி செய்து மின்னஞ்சலில் வையுங்கள், அந்த போனையும் மாற்றாமல் வையுங்கள். நீதிமன்றத்தில் கொடுக்கும்போது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவுச் சான்று வேண்டும். அந்தப் படிவத்தில் கோப்பின் ஹாஷ் மதிப்பையும் (கோப்பு மாறவில்லை என்று காட்டும் கணினிக் குறியீடு) குறிக்க வேண்டும். வெறும் ஸ்கிரீன்ஷாட்டை அச்செடுத்து நீட்டினால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் அதைத்தான் அடிப்பார்.

திட்டு பெண் தொழிலாளிக்கு எதிராகப் பாலியல் தொனியில் இருந்தால் வழி வேறு, இன்னும் வலுவானது. 10 பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் இந்தப் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு கட்டாயம், 3 மாதத்துக்குள் புகார் தர வேண்டும், விசாரணைக் காலத்தில் 3 மாதம் வரை விடுப்பு கிடைக்கும். இழப்பீட்டைக் கணக்கிடும்போது மன உளைச்சலையும் வேதனையையும் பார்க்க வேண்டும் என்று பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 சட்டத்தின் 15ஆம் பிரிவு நேரடியாகவே சொல்கிறது. எல்லாத் தொழிலாளிக்கும் இப்படி ஒரு பிரிவு வராதது பெரிய குறை என்பதே என் கருத்து.

---

மாதவரம் டிரெய்லர்

இடையில் ஒரு கேள்வி. கன்டெய்னர் டிரெய்லர் டிரைவர்களுக்கு இதெல்லாம் எப்படி? எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுக கேட்டுக்கு வரிசையில் நின்று, தூங்காமல் அடுத்த டிரிப் எடுத்து, வண்டியிலேயே நெஞ்சு வலி வந்து இறந்தால் குடும்பத்துக்கு ஏதாவது கிடைக்குமா?

---

ராயபுரம் கருப்பு அங்கி

அண்ணே, முதலில் டிரைவர் இ.எஸ்.ஐ.யில் இருக்கிறாரா என்று பாருங்கள். இருந்தால் இ.எஸ்.ஐ.யில்தான் சார்ந்தோர் உதவி கேட்க வேண்டும், சராசரிக் கூலியில் 90 சதவீதம் மாதந்தோறும். இல்லையென்றால் தொழிலாளர் இழப்பீடு. முன்பு 1923 சட்டம், இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு. இறப்புக்கு மாதக் கூலியில் பாதியை வயதுக்குரிய காரணியால் பெருக்கி வருகிற தொகை. மனு போட 2 ஆண்டு.

மாரடைப்பு "விபத்து" ஆகுமா என்பதில்தான் சண்டை. இரண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை அருகருகே வைத்துப் படிக்க வேண்டும். (2007) 11 எஸ்.சி.சி. (உச்ச நீதிமன்றத் தீர்ப்புத் தொகுப்பு) 668இல், வேலைப் பளுவுக்கும் மரணத்துக்கும் தொடர்பு இருந்ததற்குச் சாட்சியம் வேண்டும், வேலையில் இருந்தார் என்பது மட்டும் போதாது என்று சொல்லிக் கோரிக்கையை மறுத்தார்கள். (2013) 3 எஸ்.சி.சி. 409இல் டெல்லியிலிருந்து 1,152 கிலோமீட்டர் லாரி ஓட்டிப் போய், உடம்பு முடியாமல் வண்டியை ஓரம் நிறுத்திய பிறகு இறந்த டிரைவர். அந்தத் தூரமும் பளுவும் வேலையால் வந்தவை என்று குடும்பத்துக்கு இழப்பீடு தந்தார்கள். இரண்டுக்கும் நடுவில் நிற்பது ஆதாரம்தான். டிரைவர் விஷயத்தில் ஆதாரம் வண்டியிலேயே கிடக்கிறது: ஃபாஸ்டாக் நேரம், ஜி.பி.எஸ். பதிவு, துறைமுக கேட் உள்ளே வெளியே சீட்டு, இ-வே பில், டீசல் பில். கடைசி வாரத்துக்கு இவற்றை வரிசையாக அடுக்கினால் எத்தனை மணி நேரம் தூங்காமல் ஓட்டினார் என்பது தெரிந்துவிடும். முதலாளி கைக்குப் போவதற்குள் நகல் எடுத்துவிடுங்கள். பிரேதப் பரிசோதனை வேண்டாம் என்று உறவினர் சொல்லிவிடுவதுண்டு. அந்த அறிக்கை இல்லாமல் மரணக் காரணத்தை நிரூபிப்பது மிகவும் கடினம்.

---

மாத்தூர் ஷிஃப்ட்

எல்லோருக்கும் நன்றி. தம்பி கடிதத்தை அனுப்பிவிட்டார், இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்கும் போயிருக்கிறார். இன்னும் இரண்டு சந்தேகம். ஆலைக்குள்ளேயே முதலில் புகார் கொடுக்க வேண்டுமா, நேராக அரசு அலுவலகமா? புகார் கொடுத்தது யார் என்று நிர்வாகத்துக்குத் தெரிந்துவிடாதா? கான்ட்ராக்ட் ஆட்களுக்கு அந்தப் பயம்தான் அதிகம்.

---

எண்ணூர் சேஃப்டி

இந்தப் பகுதி ஆலைகளில் பாதுகாப்புப் பிரிவு வேலை என்பதால் இதற்கு நான் சொல்கிறேன்.

உள்ளேயும் கொடுங்கள், வெளியேயும் கொடுங்கள். இரண்டும் வேறு வேறு விஷயத்துக்கு.

20 தொழிலாளர்களோ அதற்கு மேலோ இருந்தால் குறைதீர்க்கும் குழு கட்டாயம், தொழில் உறவுகள் தொகுப்பின் 4ஆம் பிரிவு. இரு தரப்புக்கும் சம எண்ணிக்கை, மொத்தம் 10 பேருக்கு மேல் போகாது. மனு போட ஓர் ஆண்டு வரை நேரம், குழு 30 நாளில் முடிக்க வேண்டும். திருப்தி இல்லையென்றால் 60 நாளுக்குள் சங்கம் மூலம் சமரச அலுவலரிடம் போகலாம். தம்பியின் ஷிஃப்ட் மாற்றம், வாட்ஸாப் திட்டு ஆகிய இரண்டையும் இங்கே கொடுங்கள். உங்கள் ஆலையில் குழுவே இல்லை என்று நினைக்கிறேன். அப்படியானால் "குழு உறுப்பினர் பட்டியல் தரவும்" என்று ஒரு கடிதம் கொடுத்து முத்திரையோடு நகல் வாங்குங்கள். பதில் வராததே வெளியே போகும் புகாருக்கு இணைப்பு.

வேலை நேரம், வார விடுமுறை ஆகியவற்றுக்குத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். ஊதிய பாக்கிக்கும் வேலைநீக்கத்துக்கும் தொழிலாளர் துறை. இரண்டையும் ஒரே மனுவில் குழப்பினால் அங்கே இங்கே என்று தள்ளி ஆறு மாதம் ஓடிவிடும். மனுவில் "எப்போதும்", "எல்லோரையும்" என்ற சொற்களைத் தவிர்த்து இப்படி எழுதுங்கள்: இன்ன தேதி, இன்ன லைன், உள்ளே வந்தது காலை 6.52, வெளியே போனது இரவு 7.10, அந்த வாரம் விடுமுறை இல்லை. ஒரு லைனுக்கு நான்கு வாரம் இப்படி இருந்தால் ஆய்வாளர் வந்ததும் பயோமெட்ரிக் பதிவோடு ஒப்பிட்டுவிடலாம். சில இடங்களில் பயோமெட்ரிக்கில் எட்டு மணி நேரம் முடிந்ததுமே வெளியேறும் பதிவு போட வைத்துவிட்டு மறுபடி லைனுக்கு அனுப்புவார்கள். அங்கே கம்பெனி பஸ் நேரம், கேன்டீன் டோக்கன், இரவு ஷிஃப்ட் உற்பத்தித் தாள் மூன்றும் உண்மையைச் சொல்லும். உற்பத்தித் தாளில் ஆபரேட்டர் கையெழுத்தும் மணிவாரி எண்ணிக்கையும் இருக்கும், அதை யாரும் திருத்த நினைப்பதில்லை.

ரகசியம் பற்றி. புகாரின் மூலத்தை ஆய்வாளர் வெளியிடக்கூடாது என்பது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 81ஆம் உடன்படிக்கையில் இருக்கிறது, இந்தியா 1949லேயே அதை ஏற்றிருக்கிறது. ஆனால் ஒரே லைன் பற்றி மட்டும் எழுதினால் பெயர் இல்லாவிட்டாலும் யார் என்று ஊகித்துவிடுவார்கள். மூன்று லைன் விவரம் சேருங்கள், சங்கத்தின் கடிதத்தாளில் அனுப்புங்கள். கையெழுத்து நிரந்தரத் தொழிலாளர்களுடையதாக இருக்கட்டும், கான்ட்ராக்ட் ஆட்களின் நேரக் கணக்கை இணைப்பில் எண்ணாக மட்டும் கொடுக்கலாம். அவர்களுக்கும் அதே 8 மணி நேரம்தான், அதே இரட்டை ஓடிதான். கான்ட்ராக்டர் கூலி தராமல் விட்டால் ஆலை நிர்வாகம் தர வேண்டும். ஆய்வு நடந்த பிறகு அறிக்கையின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், 30 நாளில் பதில் வர வேண்டும்.

கடைசியாக, பலர் கவனிக்காத ஒரு பிடி. வாசலில் ஐ.எஸ்.ஓ. 45001 (தொழிலாளர் பாதுகாப்பு, உடல்நலத்துக்கான சர்வதேசத் தரநிலை) பலகை தொங்குகிறதா பாருங்கள். பெரிய வாகனக் கம்பெனிகளுக்கு உதிரிபாகம் கொடுக்கும் ஆலைகளில் பெரும்பாலும் இருக்கும். அந்தத் தரநிலையின் 6.1.2.1 பிரிவு, ஆபத்துகளைக் கண்டறியும்போது வேலைப் பளு, வேலை நேரம், துன்புறுத்தல், மிரட்டல் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. 5.4 பிரிவு தொழிலாளர்களோடு கலந்து பேசச் சொல்கிறது. பாதுகாப்புக் குழுக் கூட்டத்தில், அல்லது பாதுகாப்பு அலுவலருக்கு எழுத்தில், "ஆபத்துப் பதிவேட்டில் 12 மணி நேர ஷிஃப்டும் வாட்ஸாப் குழுவும் எந்த வரிசை எண்ணில் இருக்கின்றன?" என்று கேளுங்கள். பதிவேட்டில் பிரஸ் மெஷினின் இரைச்சலும் எண்ணெய்க் கசிவும் மட்டும்தான் இருக்கும். தணிக்கையாளர் ஆண்டுக்கு ஒருமுறையாவது வருவார், வந்தால் தொழிலாளர்களிடமும் பேசுவார். அன்றைக்கு லைனில் நிற்பவர் கையில் அந்தக் கேள்விக் கடிதத்தின் நகல் இருக்கட்டும்.